பல்லில் ஒட்டியிருக்கும் ஊர்

ஹைதராபாத்தில் லிஃப்டுக்குள் நுழைகிறவர்கள், முன்பின் தெரியாதவரைப் பார்த்தும் பல் தெரியச் சிரிக்கிறார்கள். நான் உதட்டைத் திறக்காமல் சிரிப்பேன். கச்சிபௌலிக்கு வந்த ஏழு வருஷத்தில் இதற்காக நான் வாங்கிய பெயர் 'பொகரு'. தெலுங்கில் திமிர் என்று அர்த்தம். திமிரெல்லாம் ஒன்றுமில்லை, என் பல் முழுக்கப் பழுப்பு, அவ்வளவுதான்.

பாலக்கோட்டில் எங்கள் தெரு அடிபம்புத் தண்ணீரைக் குடித்து வளர்ந்த எல்லோருக்கும் இதே பல்தான். தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம் என்று பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தினார்கள். நடத்திவிட்டு அதே தண்ணீரைத்தான் அவர்களும் குடித்தார்கள். அங்கே யாரும் வாயை மூடிச் சிரித்ததில்லை. பம்படியில் நானும் என் சிநேகிதி சாந்தியும் குடம் நிரம்பி வழிவதுகூடத் தெரியாமல் சிரித்துக்கொண்டிருப்போம். கல்லூரிக்காகச் சேலம் போன முதல் வாரம், விடுதியில் ஒருத்தி, "ஏய், நீ வெத்தலை போடுவியா?" என்று கேட்டாள். அன்றைக்கு மூடிய வாய்.

இந்த ஊருக்கு வந்த புதிதில் பக்கத்து வீட்டுப் பெண்மணிக்குப் பணியாரம் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, "மீதி ஏ ஊரு?" என்றார். "மீதி ஃப்ரிட்ஜுல இருக்குங்க" என்றேன். 'மீதி' என்றால் தெலுங்கில் 'உங்களுடையது', அவர் கேட்டது என் ஊரை என்று புரிய ஒரு மாதம் ஆயிற்று.

போன மாதம் என் ஐந்து வயது மகள் கயலின் கடைவாய்ப் பல்லில் வெள்ளைப் புள்ளி தெரிந்தது. எங்கள் ஊரில் பழுப்புக்கு முன்னால் வருவது அதுதான். பிறந்ததிலிருந்து கேன் தண்ணீர்தானே கொடுத்தேன்? பல் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். அந்த இளம் டாக்டர் பார்த்துவிட்டு, இது சொத்தையின் ஆரம்பம், ஃப்ளோரைடு வார்னிஷ் தடவினால் போதும் என்றார்.

"நக்கோ" என்று எழுந்துவிட்டேன். வேண்டாம் என்பதற்கு இந்த ஊர் எனக்குக் கற்றுக்கொடுத்த சொல். எந்த விஷத்துக்குப் பயந்து பிள்ளையைப் பொத்தி வளர்த்தேனோ அதையே தடவச் சொல்கிறாரே! பல் உருவாகும் வயதில் வருஷக்கணக்காகக் குடித்ததால் வந்தது உங்கள் கறை, இது மேலே ஒரு துளிப் பூச்சு என்று டாக்டர் பொறுமையாக விளக்கினார். எனக்கு ஒன்றும் ஏறவில்லை.

பக்கத்தில் நின்ற உதவியாளர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். "மீதி நல்கொண்டனா, மேடம்?"

இல்லை என்று தலையாட்டினேன். அவர் முகக்கவசத்தை இறக்கிச் சிரித்தார். அச்சு அசல் என் பல். "மாதி நல்கொண்ட" என்றார். எங்களுடையது நல்கொண்டா. அங்கேயும் அதே தண்ணீராம். தன் மகளுக்கும் இதே வார்னிஷைத் தடவியிருப்பதாகச் சொன்னார். அந்தப் பல்லை நம்பி உட்கார்ந்தேன். இரண்டு நிமிஷத்தில் எல்லாப் பல்லிலும் தடவி முடித்தார்கள். காலைவரை பல் துலக்கக் கூடாது, லேசாக மஞ்சளாகத் தெரியும், பயப்பட வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்கள்.

வீட்டுக்கு வந்ததும் கயல் கண்ணாடி முன்னால் நின்றாள். "அம்மா, நா பள்ளு நீ பள்ள லாக உன்னாயி" என்று குதித்தாள். என் பல் உன் பல் மாதிரி இருக்கிறதாம். அதில் அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம். அவளோடு சேர்ந்து நானும் வாய்விட்டுச் சிரித்தேன். சேலம் போவதற்கு முன்னால் அப்படிச் சிரித்ததுதான்.

மறுநாள் காலை கயலுக்குத் துலக்கிவிட்டேன். மஞ்சள் போய்விட்டது. எனக்கு நிம்மதிதான், ஆனாலும் மனசு லேசாக வலித்தது. பள்ளிக்குக் கிளம்பும்போது லிஃப்டில் ஒரு புதுப் பெண் கயலிடம் குனிந்து, "மீதி ஏ ஊரு?" என்றார்.

"மாதி ஹைதராபாத்" என்றாள் கயல், வெள்ளைப் பல் தெரிய.

அந்தப் பெண் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். மீதி நான்தானே. வாயைத் திறந்து சிரித்து, பாலக்கோடு என்றேன்.