அக்காவின் நடிப்பு

அக்கா நடிக்கிறாள் என்பது எனக்கு மட்டுமே தெரிந்த உண்மையாக இருந்தது. எனக்குப் பத்து வயது, அவளுக்குப் பத்தொன்பது. எண்பதுகளில் ஏற்காடு மலையில் கொட்டச்சேடு பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் அப்பா கணக்கெழுதும் ரைட்டராக இருந்தார். அக்கா தினமும் பஸ்ஸில் மலையிறங்கி, சேலத்தில் காலேஜ் படித்தாள்.

முதலில் வலது கண் மங்குகிறது, உருட்டினால் வலிக்கிறது என்றாள். சில வாரங்களில் அது தானாகச் சரியாகிவிட்டது. ஆனால் அதற்குள் அவளுக்குத் தங்க நிறச் சட்டம் போட்ட கண்ணாடி வந்துவிட்டது. எனக்கும் போர்டு தெரியவில்லை என்று சொல்லிப் பார்த்தேன். முன் பெஞ்சில் போய் உட்கார் என்றாள் அம்மா.

பிறகு விரல்கள் மரத்துப்போயின. கழுத்தைக் குனித்தால் முதுகில் கரண்ட் பாய்கிறதாம். ஹார்லிக்ஸ் அவளுக்கு. ஆரஞ்சில் பெரியது அவளுக்கு. ஒருமுறை நானும் அவளும் போகும்போது, ஒன்றுக்கு அவசரம் தாங்காமல் கொண்டை ஊசி வளைவில் பஸ்ஸையே நிறுத்தச் சொன்னாள். கண்டக்டர் மறுபேச்சில்லாமல் விசில் ஊதினார். நான் கேட்டிருந்தால் ஊதியிருப்பாரா?

கோடை லீவில் எனக்குச் சாட்சியமே கிடைத்தது. சேலத்தில் அத்தை வீட்டுக்குப் போனோம். மேலே நன்றாக நடந்து பஸ் ஏறியவளுக்கு, அடிவாரத்து வெயில் பட்டதும் கால் இழுத்தது, கண் மங்கியது. சாயங்காலம் ஏற்காட்டுக் குளிரில் இறங்கியதும் விடுவிடென்று நடந்தாள். வெந்நீரில் குளித்தால் துவண்டு விழுவாள். சற்று நேரம் கழித்து எழுந்து தலை வாருவாள். எந்த நோய் இப்படி வந்து வந்து போகும்? ஒவ்வொன்றையும் மனதில் வரிசையாக எழுதி வைத்துக்கொண்டேன்.

மழைக்காலத்தில் அவள் இடது கால் குளிரிலும் இழுக்கத் தொடங்கியது. அப்பா அவளை நரம்பு டாக்டரிடம் கூட்டிப்போனார். அழுது அடம்பிடித்து நானும் தொற்றிக்கொண்டேன்.

இதற்கு முன்னால் உடம்புக்கு வேறு ஏதாவது வந்ததா என்று டாக்டர் கேட்டார்.

"ஒண்ணுமில்லைங்க. போன வருசம் மஞ்சக்காமாலை வந்துச்சு, அவ்வளவுதானுங்க," என்றார் அப்பா. கண் சரியாகிவிட்டது, விரல் மரப்பது பலவீனம் என்று அவர் நினைத்திருந்தார். இந்தக் காலோடு அவற்றைச் சேர்த்துப் பார்க்க அவருக்குத் தோன்றவில்லை. அக்கா தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. "அக்கா நொம்ப நாளா நடிக்குதுங்க டாக்டர்! எல்லாம் பொய்யிங்க!" என்று கண்ணில் ஆரம்பித்துக் கொட்டித் தீர்த்தேன். அப்பா கையை ஓங்கினார். டாக்டர் அவரைத் தடுத்து, நாற்காலியை என் பக்கம் திருப்பினார்.

"மெதுவாச் சொல்லு கண்ணு. கண்ணுக்கு அப்புறம் என்ன?"

நான் சொல்லச் சொல்ல எழுதினார். வெந்நீர் என்றதும் பேனாவை நிறுத்தி அக்காவைப் பார்த்தார். அவள் ஆமாம் என்று தலையசைத்தாள்.

பிறகு அப்பாவிடம் பேசினார். மஞ்சள்காமாலை வேறு, அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மற்றதெல்லாம் ஒரே நோயாக இருக்கலாம். மூளையிலும் தண்டுவடத்திலும் நரம்புகளின் மேலுறை அங்கங்கே கெட்டுப்போகிறது. உடம்பில் சூடு ஏறினால் கொஞ்ச நேரம் தொந்தரவு கூடும். டெஸ்ட் எடுத்து உறுதி செய்ய வேண்டும் என்று சொல்லி, சீட்டில் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்று எழுதினார்.

"ஏனுங்க, இத்தனையும் ஒண்ணுங்களா?" என்று அப்பா திரும்பத் திரும்பக் கேட்டார்.

"உங்க சின்னப் பொண்ணு சொல்லலேன்னா எனக்கும் தெரிஞ்சிருக்காது," என்றார் டாக்டர்.

வெளியே வந்ததும் அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டாள். திட்டப்போகிறாள் என்று காத்திருந்தேன்.

"அப்ப நான் பொய் சொல்லலைதானே, சாமி?" என்று கேட்டுச் சிரித்தாள். கண்ணில் நீர் கோத்திருந்தது.

இத்தனை பெரிய நோயின் பெயரைக் கேட்டுவிட்டு வந்தவள் ஏன் சிரிக்கிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. இதிலும் அவள்தான் ஜெயித்துவிட்டாள் என்று நினைத்து, பஸ் வந்ததும் முந்திக்கொண்டு ஏறி ஜன்னலோர இடத்தைப் பிடித்தேன்.