உமி என்று எழுதச் சொன்னார்கள்

நெல் மூட்டைகளின் அடியில் அவர் கழற்றிப் போட்டுவிட்டுப் போன நீல வார் ரப்பர் செருப்புதான் எனக்கு முதலில் ஞாபகம் வருகிறது. ஆளின் முகம்கூட அப்புறம்தான். கூரையை முட்டுகிற உயரத்துக்கு மூட்டைகளை அடுக்கியிருந்தார்கள். அந்த அடுக்கை அட்டி என்பார்கள். அதன் உச்சியில் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஒரு பெண் நிற்கிறார். கீழே மில் முதலாளி வாயைத் திறந்தபடி அண்ணாந்து பார்க்கிறார். நான் அந்தச் செருப்புக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, விழுந்து தொலைக்கப்போகிறாரே என்று பதறிக்கொண்டிருக்கிறேன். அவர்தான் எங்கள் சீனியரக்கா.

சென்னையில் தலைமை அலுவலகமும் ஊருக்கு ஊர் கிளையும் உள்ள பெரிய தணிக்கை நிறுவனம் அது. சி.ஏ. பரீட்சை எழுத வேண்டுமானால் ஆடிட்டர் ஒருவரிடம் சில வருடம் பயிற்சி பெற்றாக வேண்டும் என்பதால் தஞ்சாவூர்க் கிளையில் நான் ஆர்ட்டிகிள் மாணவியாகச் சேர்ந்தேன். எனக்கு ஒரு வருடம் முன்னால் சேர்ந்தவர் அவர். கடற்கரைப் பக்கத்து முஸ்லிம் குடும்பம். அவருடைய வாப்பா பினாங்கில் ஜவுளிக் கடை வைத்திருந்தார். அக்கா முதல்நாள் வந்து நின்றபோது, கிளையை நடத்திவந்த பார்ட்னர் தலையைக்கூடத் தூக்காமல், "டைப்பிஸ்ட் வேலை காலியில்லைம்மா" என்றாராம். "நான் கேக்கலையே சார்" என்றாராம் இவர். அந்தப் பதிலைச் சொல்லிச் சொல்லி நாங்கள் சிரிப்போம். எனக்கெல்லாம் அந்த இடத்தில் அழுகைதான் வந்திருக்கும்.

எங்களோடு சேர்ந்த பையன்கள் வாரத்துக்கு ஓர் ஊர் போவார்கள். கும்பகோணத்துப் பாத்திரக் கடை, நாகப்பட்டினத்துக் கப்பல் ஏஜெண்டு, வேதாரண்யத்து உப்பளம் என்று சுற்றிவிட்டு, அங்கே சாப்பிட்ட விருந்தைப் பற்றி ஒரு வாரம் பேசுவார்கள். நாங்கள் இரண்டு பேரும் அலுவலகத்தில் உட்கார்ந்து, ஏற்கெனவே யாரோ போட்ட கூட்டலைச் சிவப்புப் பென்சிலால் மறுபடி கூட்டிப் பார்ப்போம். தணிக்கை என்றால் அதுவா? சரக்கு இருக்கிற இடத்துக்குப் போய்க் கண்ணால் பார்த்து எண்ண வேண்டாமா? பயிற்சி முடிந்து வேலை கேட்டுப் போனால், எந்தெந்த ஊர் போயிருக்கிறாய், என்னென்ன சரக்கு எண்ணியிருக்கிறாய் என்றுதான் முதலில் கேட்பார்கள். அக்கா ஒவ்வொரு சனிக்கிழமையும் பார்ட்னர் அறைக்குப் போய், "இந்த வாரம் நாங்க வெளியூர் போகலாமா சார்?" என்று கேட்பார். "புடவையைக் கட்டிக்கிட்டு நெல்லு மூட்டை மேல ஏறுவியாம்மா நீ?" என்று அவர் சிரிப்பார். "ஏறுவேன் சார்" என்பார் இவர், சிரிக்காமல். அந்த மனுஷனுக்குக் காதே புளித்துப்போயிருக்கும்.

ஒரு பரீட்சை சமயம். பையன்கள் அத்தனை பேரும் லீவில் போய்விட்டார்கள். நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் ஓர் அரிசி மில்லில் கையிருப்பை எண்ணியாக வேண்டும், ஆள் இல்லை. பார்ட்னர் எங்களைக் கூப்பிட்டார். "ரெண்டு பேரும் போயிட்டு வாங்க. ஆனா ஒண்ணு. போன எடத்துல ஏதாவது வம்பு வந்துச்சுன்னு எனக்குத் தெரிஞ்சா, அதோட சரி. பொம்பளைப் பிள்ளைங்களை ஆர்ட்டிகிளுக்கு எடுக்கறதையே நிறுத்திடுவேன்." விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அவர் அப்படித்தான், சொன்னால் செய்துவிடுவார். எனக்குப் பின்னால் சேர்வதற்கு விண்ணப்பம் போட்டுவிட்டு இரண்டு பெண்கள் காத்திருந்தார்கள் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

அது எப்படிப்பட்ட காலம் என்று சொல்ல வேண்டும். ஆட்சி மாறிச் சுவரெல்லாம் கறுப்பும் சிவப்புமாக ஆகியிருந்தது. நில உச்சவரம்பு வந்து, பெரிய பண்ணைகள் எல்லாம் சமையல்காரர் பேரிலும் மாட்டுக்காரர் பேரிலும் நிலத்தை எழுதிவைத்துக்கொண்டிருந்தன. கையில் இருக்கிற நெல்லில் ஒரு பங்கை அரசாங்கம் வைத்த விலைக்கே அதற்கு அளக்க வேண்டும், லெவி என்று அதற்குப் பெயர். இன்னொரு பக்கம் அறுப்புக் கூலிக்காக ஊருக்கு ஊர் செங்கொடி. நாங்கள் போன மில்லிலும் மூட்டை தூக்குகிறவர்கள் வேலைநிறுத்தத்தில் இருந்தார்கள். கூலியைக் கூட்டிக் கேட்டார்கள். அரைக்க நெல்லே இல்லாதபோது கூலி என்ன கூலி என்று முதலாளி கையை விரித்துவிட்டார். இதெல்லாம் அங்கே போய்ச் சேர்ந்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

நீடாமங்கலம் ஜங்ஷனில் மில் கார் வந்து காத்திருந்தது. நான் ஆசையாகக் கதவைத் திறக்கப் போனேன். அக்கா டிரைவரிடம், "நீங்க போங்கண்ணே, நாங்க பஸ்ல வந்துடறோம்" என்று சொல்லிவிட்டார். எனக்கு வந்தது பாருங்கள் கோபம்! வெயில் மண்டையைப் பிளக்கிறது. "அவங்க கார்ல போய் இறங்கிட்டு அவங்களையே எப்படி புள்ள கேள்வி கேக்குறது?" என்றார். டவுன் பஸ்ஸில் நெருக்கியடித்துப் போய், இறங்கி வாய்க்கால் ஓரமாக நடந்தோம். மில் வாசலில் தொழிலாளர்கள் கூட்டமாக நின்றிருந்தார்கள். எங்களுக்கு முன்னால் போன காரை மறித்து, உள்ளே யாரும் இல்லாததைப் பார்த்து அப்போதுதான் விட்டிருக்கிறார்கள்.

களத்தில் அவித்த நெல் காயவைக்கிற அம்மா ஒருவர் எங்களை மறித்தார். நல்ல கறுப்பு, வாய் நிறைய வெற்றிலை. "யாரு வூட்டுப் பொண்ணுங்க நீங்க? இங்க என்னா சோலி?"

"கணக்குப் பாக்க வந்திருக்கோம்மா. உள்ள எத்தனை மூட்டை இருக்குன்னு எண்ணணும்" என்றார் அக்கா.

அந்த அம்மாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "வருசா வருசம்தான் வர்றாங்க. கார்ல வருவாங்க, பெரிய வூட்டுல சாப்புடுவாங்க, ஒரு தூக்கம் போடுவாங்க, போயிடுவாங்க. மூட்டையை எண்ணி நாங்க பாத்ததில்லையே!" பின்னால் நின்றவர்களிடம் திரும்பி, "நடந்து வந்திருக்குதுங்கப்பா, வுடுங்க" என்றார். வழிவிட்டார்கள்.

முதலாளி மரியாதையான மனிதர். வாங்கம்மா என்று நாற்காலி போட்டு, மோர் கொடுத்து, மதியம் வீட்டில் இலை போடச் சொல்லியிருப்பதாகச் சொன்னார். மூட்டை அடுக்கிவைக்கிற கிட்டங்கிக்கு அழைத்துப் போய், முன்னால் இருந்த சின்ன அட்டியைக் காட்டி, "இதுதான் நெல்லு. பின்னாடி இருக்கறதெல்லாம் உமி. அப்படியே எழுதிக்குங்க" என்றார். பையன்களாக இருந்தால் எழுதிக்கொண்டு இலைக்கு ஓடியிருப்பார்கள். அக்கா குத்தூசி கேட்டார். மூட்டைக்குள் சொருகினால் தன் பள்ளத்தில் கொஞ்சம் சரக்கை வெளியே கொண்டுவருகிற இரும்பு ஊசி அது. பெரிய அட்டியின் முன்வரிசையில் குத்தினார், உமிதான் வந்தது. முதலாளி, நான் சொன்னேனே என்பதுபோலத் தலையாட்டினார். அக்கா அண்ணாந்து மேலே பார்த்தார். செருப்பைக் கழற்றினார். தலையில் போட்டிருந்த முந்தானையை இழுத்து இடுப்பில் இறுக்கி, வயலில் நடவுப் பெண்கள் செய்கிற மாதிரி கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மூட்டை மூட்டையாகக் கால்வைத்து ஏற ஆரம்பித்துவிட்டார். "ஏம்மா, சரிஞ்சா ஆளையே மூடிடும்மா!" என்று முதலாளி கத்தினார். அவர் சொன்னதில் தப்பில்லை, உண்மையிலேயே மூடிவிடும். நான் தெரிந்த சாமியை எல்லாம் கும்பிட்டேன். அவருக்காக அவருடைய அல்லாவையும் சேர்த்துக்கொண்டேன்.

உச்சிக்குப் போய்ப் பின்வரிசையில் குத்தினார். மேலிருந்து என் தலையில் பொலபொலவென்று கொட்டியது நெல். இன்னொரு மூட்டை, அதிலும் நெல். இன்னும் தள்ளிப் போய் ஒன்று, அதுவும் நெல்தான்.

முதலாளியின் மரியாதை அத்தோடு போயிற்று. விடுவிடுவென்று ஆபீஸ் அறைக்குப் போய்த் தஞ்சாவூருக்கு ட்ரங்க் கால் போட்டார். "உங்க பொண்ணு வேலைநிறுத்தக்காரங்களோட சேர்ந்துக்கிட்டு இங்க வம்பு பண்ணுதுங்க" என்று எங்கள் காதுபடவே சொன்னார். வம்பு! அந்த ஒரு வார்த்தைதான் வரக்கூடாது என்று நான் பயந்துகொண்டிருந்தேன். போனை அக்காவிடம் நீட்டினார். பார்ட்னருக்குக் குரல் பெரிசு, அறை முழுக்கக் கேட்டது. "என்னம்மா, போன எடத்துல கலாட்டாவாமே?"

"நெல்லை உமின்னு எழுதச் சொல்றாங்க சார். எழுதட்டுமா?"

பார்ட்னருக்கு அந்த முதலாளியிடம் எத்தனை வருடப் பழக்கம், அவர் எவ்வளவு பெரிய வாடிக்கைக்காரர் என்பதெல்லாம் அக்காவுக்கும் தெரியும்.

"நெல்லுன்னு எழுது" என்றார் பார்ட்னர்.

"எத்தனை மூட்டைன்னு சார்?"

"எண்ணிப் பாத்து எழுதும்மா!" என்று கத்திவிட்டுப் போனை வைத்தார்.

எண்ண வேண்டுமென்றால் முன்வரிசையை இறக்க வேண்டும். இறக்குகிறவர்களோ வாசலில் கொடி பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். "ஆளில்லையேம்மா, நான் என்ன பண்ணட்டும்?" என்று முதலாளி சிரித்தார். அக்கா நேரே வாசலுக்குப் போய், மூட்டையை இறக்கித் தரமுடியுமா என்று கேட்டார். அங்கே பெரிய வாக்குவாதம். உள்ளே நெல் இருக்கிறது, நாங்கள்தானே தூக்கிவைத்தோம், உமியைப் பண்ணையாட்களை விட்டு முன்னால் அடுக்கியிருக்கிறார்கள் என்றார்கள். அது வெளியே தெரிந்தால் எங்களுக்கும் நல்லதுதான், ஆனால் வேலைநிறுத்தத்தில் மூட்டையைத் தொட்டால் கட்டுப்பாடு என்னாவது என்று தலையைச் சொறிந்தார்கள். வெற்றிலை அம்மாதான் வழி சொன்னார். "கூலி வாங்கினாத்தானப்பா அது வேலை? கூலி வாங்காம இறக்குங்க. அந்தப் பொண்ணு எண்ணட்டும். எண்ணினதும் பழையபடி அடுக்கிட்டு வந்து கொடியைப் பிடிங்க."

அப்படியே செய்தார்கள். மில் வாசலைத் தாண்டும்போது கொடியை மதிலில் சாய்த்துவைத்துவிட்டு உள்ளே வந்தார்கள். மூட்டையை இறக்கினார்கள், அக்கா சாக்பீஸால் குறி போட்டுக்கொண்டே எண்ணினார், நான் எழுதினேன். முதலாளியின் கணக்குப்பிள்ளையையும் பக்கத்தில் நிற்கவைத்து, ஒவ்வொரு வரிசைக்கும் அவரிடமும் தொழிலாளர் ஒருவரிடமும் கையெழுத்து வாங்கினார். யாரும் நாளைக்கு மாற்றிப் பேச முடியாது. பெரிய வீட்டில் போட்ட இலையில் நாங்கள் உட்காரவில்லை. வெற்றிலை அம்மா தூக்குச்சட்டியில் கொண்டுவந்த பழைய சோற்றையும் அக்கா வேண்டாமென்று சொல்லிவிட்டார். "தப்பா நினைக்காதீங்கம்மா. எண்ணி முடிக்கிற வரைக்கும் யார் சோறும் சாப்பிடக்கூடாது." எனக்குப் பசியில் கண் இருட்டியது. ஆனாலும் அந்த நிமிஷம் அவரைப் பார்த்து எனக்கு அப்படி ஒரு பெருமை! இப்படி ஒரு மனுஷி பக்கத்தில் நிற்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்று நினைத்தேன், இன்றைக்கும் நினைக்கிறேன்.

இப்போது எனக்கென்று ஓர் அலுவலகம் இருக்கிறது. பயிற்சிக்கு வருகிறவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். முதல் நாள் இரவே மடிக்கணினியைப் பையில் வைத்துக்கொண்டு, எந்த ஊர் என்று மட்டும் கேட்டுவிட்டுக் கிளம்புகிறார்கள். போகலாமா என்று யாரும் கேட்பதில்லை, கேட்கவும் வேண்டியதில்லை. அவர்கள் படியிறங்கிப் போகும்போதெல்லாம், நாங்கள் மில்லிலிருந்து திரும்பிய பிறகு வந்த அந்தத் திங்கட்கிழமை எனக்கு ஞாபகம் வந்துவிடும்.

அன்று காலையில் அக்கா மேஜையைச் சுத்தம் செய்து, தன் பென்சில்களைக்கூட எடுத்துப் பையில் வைத்துவிட்டார். போகச் சொல்லப்போகிறார்கள் என்றுதான் இருவருமே நினைத்தோம். பார்ட்னர் வந்தார். அறைக்குள் போகாமல் எங்கள் மேஜைக்கு முன்னால் நின்றார். அந்த மில் முதலாளி கணக்கு வழக்கையெல்லாம் வேறு ஆடிட்டரிடம் எடுத்துக்கொண்டு போய்விட்டதாகச் சொன்னார். அக்கா எழுந்து நின்று, "சரிங்க சார்" என்றார்.

"இன்னும் முடியல. சனிக்கிழமையிலேருந்து இன்னும் சில மில்லுக்காரங்க போன் பண்ணிட்டாங்க. எல்லாரும் ஒரே பேச்சு. இந்த வருஷம் யாரை வேணும்னாலும் அனுப்புங்க, அந்தப் பொண்ணை மட்டும் அனுப்பிடாதீங்கன்னு." மானேஜரைத் திரும்பிப் பார்த்தார். "போன் பண்ணினவங்க பேரெல்லாம் எழுதி வச்சிருக்கீங்களா?"

"இருக்கு சார்."

"அதை இவகிட்ட கொடுங்க. எல்லா மில்லுக்கும் இவதான் போகணும்."