வலது காலின் உள்விளிம்பு

அந்தக் குளிர்காலத்தில் வெர்னா பாவ்லக் மூன்று ஹாக்கி மட்டைகள் மாற்றினாள். அதற்கு முந்தைய பதினோரு வருடம் ஒரே மட்டையில் ஓட்டியவள். மட்டையை மாற்றினாள், முழங்கால் கவசத்தை மாற்றினாள், கையுறையை மாற்றினாள். ஆனாலும் விழுந்துகொண்டேதான் இருந்தாள்.

வயது ஐம்பத்தொன்று. ரோஸ்டன் என்ற சிற்றூரில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். இளைய மகள் பள்ளிக்குப் போன வருடம் பனிஹாக்கிக்கு வந்து, இருபது வருடமாக ஞாயிறு மதியம் பெண்கள் அணியில் தடுப்பாட்டக்காரி. பெரிய ஆட்டக்காரி என்று யாரும் சொன்னதில்லை, அவளும் சொல்லிக்கொண்டதில்லை. ஆனால் எதிரணிக்காரி பக் என்கிற ரப்பர் வட்டைத் தள்ளிக்கொண்டு ஓரமாக வந்தால், இவளைத் தாண்டிப் போவது அத்தனை சுலபமில்லை. அவ்வளவுதான் அவள் பெருமை. அதுவே அவளுக்குப் போதுமானதாக இருந்தது.

போன மார்ச்சில் பேருந்துக் கொட்டகையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். சாஸ்கடூன் நகரத்தில் இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள். கோடை முடியும்போது டாக்டர் அவளை டிரெட்மில்லில் ஓடவிட்டுப் பார்த்துவிட்டு, "தாராளமா விளையாடுங்க, வெர்னா. நல்லதுதான்" என்றார். பக்கத்து நாற்காலியில் இருந்த ஓரெஸ்ட், அவள் கணவன், ஒன்றும் சொல்லவில்லை. வீடு வரும் வரை இரண்டரை மணி நேரம் வண்டியிலும் ஒன்றும் சொல்லவில்லை. சந்தோஷத்தில் வாயடைத்துப் போனான் என்றுதான் வெர்னா நினைத்தாள்.

அக்டோபரில் ஆட்டத்தளத்தில் பனி போட்டார்கள். முதல் ஆட்டத்திலேயே விழுந்தாள். இடது பக்கம் திரும்பினால் வலது கால் அடியிலிருந்து நழுவியது. ஒவ்வொரு முறையும் அல்ல, ஐந்து முறைக்கு ஒரு முறை. ஒவ்வொரு முறையும் நழுவியிருந்தால் காரணத்தைத் தேடியிருப்பாள். எப்போதாவது நழுவுகிற காலை மனிதர்கள் வயதின் கணக்கில்தான் சேர்க்கிறார்கள்.

"நீ விழற விழுகைக்கு ஐஸ் துடைக்க மெஷினே வேண்டாம்டி" என்றாள் ஜோலீன். கோல் காப்பவள், தபால் அலுவலகத்தில் வேலை, வாய்க்குப் பூட்டுக் கிடையாது. "உன் பின்பக்கமே பாதி தளத்தைத் துடைச்சிடுது."

"உன் கால் சந்துல போற பக்கை எல்லாம் யாருடி துடைக்கிறது?" என்றாள் வெர்னா. எல்லோரும் சிரித்தார்கள். வெர்னா வீட்டுக்கு வந்து சிரிக்கவில்லை.

ஓரெஸ்ட்தான் ஆறுதலாக இருந்தான். மட்டையை வாங்கித் தரையில் ஊன்றி வளைத்துப் பார்த்தான். "இது ரொம்ப விறைப்பு. நீ இதுல சாயுற, இது வளைய மாட்டேங்குது. அதான் தடுமாறுற" என்றான். நியாயமாகப் பட்டது. வளைந்துகொடுக்கிற மட்டை ஒன்று வாங்கினார்கள். வாசலில் பலகையை நிறுத்தி, அதன்மேல் அவள் ஐம்பது பக் அடிக்க, ஓரெஸ்ட் கைகட்டி நின்று பார்த்தான். "பாரு, எப்படி பறக்குது!" என்றான். பறக்கத்தான் செய்தது. ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் விழுந்தாள்.

அடுத்து முழங்கால் கவசம். முட்டிக்கும் கவசத்தின் கிண்ணத்துக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி இருக்கிறது, அதனால் கால் சரியாக மடங்கவில்லை என்று கண்டுபிடித்தவனும் ஓரெஸ்ட்தான். சமையலறைத் தரையில் மண்டியிட்டு அவள் காலுக்கு அளவு எடுத்தான். புதுக் கவசத்தை மாட்டிக்கொண்டு மாடிப்படியில் பத்து முறை ஏறி இறங்கிப் பார்த்தாள். அருமையாக இருந்தது. படியில் அவள் ஒருமுறையும் விழவில்லை.

ஓரெஸ்டைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். தானியக் கிடங்கில் வேலை பார்ப்பவன். ஆனால் ஊர் அவனை அறிந்தது வீட்டு வண்டிக் கொட்டகையில் இருக்கும் சாணை இயந்திரத்தால். முப்பது வருடமாக ரோஸ்டனில் பாதிப் பேருக்கு ஸ்கேட்ஸுக்கு, பனியில் சறுக்கும் காலணியின் அடி பிளேடுக்கு, சாணை பிடித்துக் கொடுக்கிறான். பிளேடின் அடிப்பாகம் தட்டையானதல்ல. நடுவே மெல்லிய பள்ளம், இரண்டு பக்கமும் இரண்டு விளிம்பு. அந்த இரண்டும் ஒரே உயரத்தில் நிற்க வேண்டும். ஓரெஸ்டின் கையில் நிற்கும். பக்கத்து ஊரிலிருந்தெல்லாம் ஸ்கேட்ஸைக் கயிற்றில் கோர்த்துத் தோளில் போட்டுக்கொண்டு வருவார்கள். வெர்னாவுடையதைக் கடைசியாக எடுத்து, அதிக நேரம் பிடித்து, எண்ணெய் தொட்டுத் துடைத்து, "இந்தா மகாராணி" என்று நீட்டுவான். இருபது வருடத்தில் ஒருமுறைகூட அவள் அதைச் சரிபார்த்ததில்லை. போட்டுக்கொடுத்த காப்பியில் சர்க்கரை இருக்கிறதா என்று யாராவது நாக்கில் தொட்டுப் பார்த்துவிட்டா குடிக்கிறார்கள்?

ஜனவரியில் விழுந்ததுதான் பெரிய விழுகை. எதிரணிக்காரி ஒருத்தியைத் துரத்திக்கொண்டு மூலையில் திரும்பினாள், கால் போய்விட்டது, விலாவைக் கொண்டுபோய்ப் பலகைச் சுவரில் மோதினாள். விலா எலும்பில் விரிசல். மூன்று வாரம் பேருந்து ஓட்டவில்லை. தும்மினால் உயிர் போனது. ஓரெஸ்ட் உறைபெட்டியிலிருந்து பெரோகிக் கொழுக்கட்டைப் பொட்டலத்தை எடுத்துத் துணியில் சுற்றி விலாவில் வைத்து, அது இளகும் வரை பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இளகியதை அன்றைக்கே வேகவைத்து வெங்காயம் வதக்கிப் போட்டுக் கொடுத்தான்.

"போதும் வெர்னா" என்றான், முள்கரண்டியைக் கையில் கொடுத்துக்கொண்டே. "இருபது வருஷம் ஆடியாச்சு. உடம்பு சொல்றதைக் கேளு."

அவள் கேட்கத்தான் செய்தாள். படுக்கையில் மல்லாந்து கிடந்து வலது காலையே யோசித்தாள். நெஞ்சு சரியாகிவிட்டது, இப்போது கால் போகிறது, அடுத்தது என்ன? கடைசியில் தனக்குள் ஒன்று முடிவு செய்தாள். மாற்றாத சாமான் ஒன்றே ஒன்றுதான் பாக்கி, ஸ்கேட்ஸ். அதையும் மாற்றிப் பார்ப்பது. அப்புறமும் விழுந்தால் ஆட்டத்தை விட்டுவிடுவது.

இதைச் சொன்னபோதுதான் ஓரெஸ்ட் முதன்முறையாக எரிச்சல்பட்டான். "ஸ்கேட்ஸ் என்ன பண்ணுச்சு? அது நல்லாத்தான் இருக்கு. சும்மா செலவு" என்றான். மூன்று மட்டைக்குச் சொல்லாதவன் ஏன் இதற்குச் சொல்கிறான் என்று அவளுக்குத் தோன்றவில்லை. சனிக்கிழமை ஜோலீனைக் கூட்டிக்கொண்டு சாஸ்கடூனுக்குப் போனாள்.

கடையில் கெல்சி என்று ஒரு நெட்டைப் பெண். பல்கலைக்கழக அணியில் ஆடுகிறவள். வெர்னாவை வெறுங்காலோடு நிற்க வைத்து அளந்தாள். ஸ்கேட்ஸின் உள்தட்டை வெளியே எடுத்து அதன்மேல் நிற்கச் சொல்லி, விரல் எங்கே முடிகிறது என்று குனிந்து பார்த்தாள். காலைப் போட்டதும் கயிற்றுத் துளைகளின் குறுக்கே பென்சிலை வைத்து, பாதம் அதில் முட்டுகிறதா என்று பார்த்தாள். முட்டவில்லை. பிறகு ஸ்கேட்ஸைச் சூட்டடுப்பில் வைத்து இளக்கி, சூடாகவே மாட்டி, கயிற்றை இறுக்கி, பத்து நிமிடம் அசையாமல் உட்காரச் சொன்னாள்.

"எனக்கு யாரும் இப்படி ரொட்டி மாதிரி சுட்டு மாட்டினதில்லடி" என்றாள் ஜோலீன்.

"உனக்கு மாட்டினா ரொட்டி கருகிடும்" என்றாள் வெர்னா. பல மாதத்துக்குப் பிறகு மனசு லேசாக இருந்தது. குதிகால் சிக்கென்று உட்கார்ந்திருந்தது. இதுதான் காரணமாக இருக்கும், இதுவாகவே இருக்கட்டும்.

"உங்க பழசைக் குடுங்க" என்றாள் கெல்சி. "அதுல எவ்வளவு பள்ளம் இருக்கோ அதே அளவுக்கு இதையும் சாணை பிடிச்சுத் தரேன். கால் பழகினது மாறக் கூடாது."

வாங்கியவள் வலது ஸ்கேட்டைத் தலைகீழாகத் திருப்பி, வெளிச்சத்தில் பிடித்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள். சட்டைப் பையிலிருந்து ஒரு நாணயத்தை எடுத்து, பிளேடின் இரண்டு விளிம்பின்மேலும் படும்படி குறுக்கே வைத்தாள். அது நேராகப் படுக்கவில்லை. ஒரு பக்கம் தெளிவாகச் சாய்ந்து நின்றது.

"உள்விளிம்பு இறங்கியிருக்கு. இதைப் போட்டுக்கிட்டா ஆடுறீங்க?" என்றாள். "இடது பக்கம் திரும்பினா நழுவுமே."

வெர்னா குனிந்து நாணயத்தைப் பார்த்தாள்.

"சாணை பிடிச்சது யாரு?"

"என் வீட்டுக்காரர்."

"இப்பதான் பழகுறாரா?"

ஜோலீன் விழுந்து விழுந்து சிரித்தாள். "பழகுறாரா! அம்மாடி, முப்பது வருஷம்! இரு, என்னோடது வண்டியிலதான் கிடக்கு. வியாழக்கிழமை ரெண்டு பேருதையும் ஒண்ணாத்தான் பிடிச்சுக் குடுத்தாரு." ஓடிப்போய் எடுத்து வந்தாள். கெல்சி நாணயத்தை ஜோலீனின் பிளேடுகளில் வைத்தாள். இரண்டிலும் சமமாகப் படுத்தது. வெர்னாவின் இடது ஸ்கேட்டில் வைத்தாள். அதிலும் சமம். மறுபடி வலதில் வைத்தாள். சாய்ந்தது.

"அப்ப மெஷின் சரியாத்தான் இருக்கு. இதுல மட்டும் கை தவறியிருக்கு" என்றாள் கெல்சி.

ஜோலீனின் சிரிப்பு நின்றுபோயிருந்தது. ஓரெஸ்டின் கை தவறாது என்பது இருவருக்கும் தெரியும்.

"ஒரு நிமிஷ வேலைதான், சமன் பண்ணித் தரவா?"

"வேண்டாம். அப்படியே இருக்கட்டும்" என்றாள் வெர்னா. புது ஸ்கேட்ஸைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். கால் போன இடமெல்லாம் வளைந்து, அவள் பாதத்தின் வடிவத்துக்கே ஆகிவிட்ட ஜோடி. "மன்னிச்சுக்கம்மா. எனக்கு இது தேவைப்படாதுன்னு நினைக்கிறேன்."

திரும்பி வரும் வழியில் ஜோலீன் இரண்டு முறை வாயைத் திறந்தாள். "ஒருவேளை அன்னைக்கு அவருக்குக் கண்ணு..." என்று ஆரம்பித்தாள்.

"அக்டோபர்லேருந்தா?" என்றாள் வெர்னா. அதற்குப் பிறகு ஜோலீன் ரேடியோவைப் போட்டுவிட்டாள்.

கொட்டகையில் ஓரெஸ்ட் யாருடையதையோ சாணையில் பிடித்திருந்தான். பொறி சிதறிக்கொண்டிருந்தது. வெர்னா தன் ஸ்கேட்டை மேசையில் கவிழ்த்து வைத்தாள். நாணயத்தை அதன்மேல் வைத்தாள். ஓரெஸ்ட் அதைப் பார்த்தான். பொத்தானைத் தட்டி இயந்திரத்தை அணைத்தான். கல் சுழன்று சுழன்று நின்றது.

"ரொம்ப இல்ல" என்றான். "முடி அளவுதான்."

இல்லை என்று சொல்வான் என்ற ஒரு நப்பாசை அவளுக்கு அதுவரை இருந்திருக்கிறது. அது போன பிறகுதான் இருந்ததே தெரிந்தது.

"எதுக்கு?"

"சொன்னா நீ கேட்டிருப்பியா?"

"சொல்லிப் பார்த்தியா? டாக்டர்கிட்ட வச்சு வாயைத் திறந்தியா? வண்டியில திறந்தியா?"

"பஸ் கொட்டகையில நீ சரிஞ்சு கிடந்தப்ப பார்த்தவன் நான். நீ உன்னைப் பார்க்கல." அவன் கையில் எண்ணெய்த் துணியை முறுக்கிக்கொண்டிருந்தான். "ரெண்டு வாட்டி வழுக்கினா உனக்கே சலிச்சிடும், நீயா விட்டுடுவன்னு நினைச்சேன். நீ விடல. மட்டை மாத்துற, அதை மாத்துற, இதை மாத்துற..."

"நான் மாத்தினேனா? நீ மாத்தின, ஓரெஸ்ட். மட்டை விறைப்புன்ன. தரையில மண்டி போட்டு என் காலை அளந்த."

அவன் தலை குனிந்தான்.

"விலா உடைஞ்சுதே, அன்னைக்காவது சரி பண்ணினியா? அதுக்கப்புறமும் இந்த வியாழக்கிழமை பிடிச்சுக் குடுத்திருக்க. அப்பவும் பார்த்துப் பார்த்து அதே அளவு இறக்கியிருக்க."

"எலும்பு உடைஞ்சா கூடிடும் வெர்னா. அது நின்னுட்டா?"

"உடம்பு சொல்றதைக் கேளுன்ன." அவள் குரல் உயரவில்லை. "நான் கேட்டேன். நாலு மாசமா ராத்திரி படுத்துக்கிட்டு என் காலைக் கேட்டுக்கிட்டிருந்தேன். அது பேசவே இல்ல. பேசினது நீ."

ஓரெஸ்ட் ஸ்கேட்டை எடுக்கக் கையை நீட்டினான். "குடு, இப்பவே சமன் பண்ணிடறேன்." அவள் அவனுக்கு முன்னால் எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் ஞாயிறு. பனித்தளத்தின் நுழைவாயிலை ஒட்டி ஒரு கூண்டுக்குள் லாயிட் இருப்பான். தளத்துக்குத் தண்ணீர் விடும் வண்டியை ஓட்டுகிறவன், கேட்டால் சாணையும் பிடித்துக் கொடுப்பான். வெளியூர்க்காரர்கள்தான் கேட்பார்கள். லாயிட் சாணை பிடித்தால் கோடரிக்குப் பிடித்த மாதிரி இருக்கும் என்று ஊரில் சொல்வார்கள், லாயிட்டும் அதை மறுப்பதில்லை. வெர்னா வரிசையில் நின்று தன் ஸ்கேட்ஸைக் கூண்டுக்குள் நீட்டினாள். லாயிட் அவளைப் பார்த்தான், பின்னால் நின்றவர்களைப் பார்த்தான்.

"ஓரெஸ்ட் ஊர்ல இல்லையா?"

"இருக்காரு" என்றாள் வெர்னா.

வரிசையில் பேச்சு நின்றது. லாயிட் மேற்கொண்டு கேட்காமல் வாங்கிக்கொண்டான். முடித்ததும் அவள் அவன் முன்னாலேயே நாணயத்தை எடுத்து நான்கு இடத்தில் வைத்துப் பார்த்தாள். இனி யார் கொடுத்தாலும் பார்ப்பாள். சொரசொரப்பாக இருந்தது, ஆனால் சமமாக இருந்தது.

தளத்தில் இறங்கி, ஒரு சுற்று மெதுவாகப் போய், கோலுக்குப் பின்னால் இடது பக்கம் திரும்பினாள். கால் நின்றது. வேகமாகப் போய்த் திரும்பினாள். நின்றது. சந்தோஷம் வரும் என்று நினைத்திருந்தாள். வரவில்லை. நல்ல காலை நான்கு மாதமாக நொண்டி என்று திட்டியிருக்கிறோம் என்பதுதான் நெஞ்சில் வந்து உட்கார்ந்தது. வழக்கமான இடத்தில், மூன்றாம் படியில், ஓரெஸ்ட் பிளாஸ்க்கோடு உட்கார்ந்திருந்தான். அவள் திரும்பும்போதெல்லாம் அவன் பாதி எழுந்து பாதி உட்கார்ந்ததைப் பார்த்தாள். பயம் பொய்யில்லை. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது. பயமும் பொய்யென்றால் ஒரேயடியாகக் கோபப்பட்டுவிட்டுப் போயிருக்கலாம்.

அன்றைக்கு அவள் விழவேயில்லை. மூன்றுக்கு ஒன்று என்று தோற்றார்கள்.

வண்டியில் ஏறி, பாதி வழி வந்த பிறகு, ஓரெஸ்ட் தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டான். "விளிம்பு எப்படி இருந்துச்சு?"

ஒவ்வொரு ஞாயிறும் அவன் கேட்கிற கேள்விதான். லாயிட்டின் சொரசொரப்பு ஆட்டம் முழுக்கப் பல்லைக் கூசவைத்திருந்தது.

"பிரமாதம்" என்றாள் வெர்னா. "லாயிட் கைக்கு ஈடே இல்ல."

ஓரெஸ்ட் சாலையைப் பார்த்து ஓட்டினான். வீடு வந்ததும் எப்போதும் போல அவள் பையைத் தூக்கிக் கொட்டகைப் பக்கம் நடந்தான். அவள் அதை அவன் கையிலிருந்து வாங்கி, வீட்டுக்குள் எடுத்துப் போனாள்.