காலி டேங்க்

"இல்ல, மிஷின்ல மாட்டல. காலி டேங்க்தான் இந்த விரலைத் தின்னுச்சு."

விரல் எப்படிப் போனது என்று யாரும் கேட்கவில்லை. எல்லோரும் தொட்டிலைச் சுற்றி நின்று, மூக்கு எந்தப் பக்கத்து ஜாடை என்று மல்லுக்கட்டிக்கொண்டிருந்த நேரம். மூன்று விரல் மட்டும் மிஞ்சிய வலது கையைப் பேத்தியின் வயிற்றில் வைத்துக்கொண்டு கட்டர் தானாக ஆரம்பித்தார்.

பழைய வண்டிகளை உடைக்கும் யார்டில் கேஸ் கட்டர் பிடிக்கிறவர். அதனால் ஊருக்கே அவர் கட்டர். பெட்ரோல் டேங்கை வெட்டுவதற்கு முன் அதில் தண்ணீர் ரொப்ப வேண்டும். நிறைந்த டேங்கைக் கண்டால் எவனும் பயப்படுவான். காய்ந்த டேங்க்தான் வயிற்றில் பெட்ரோல் ஆவியை வைத்துக்கொண்டு சும்மா கிடக்கும். ஒருநாள் அவசரத்தில் ஆட்டிப் பார்த்தார். சத்தமில்லை. காலிதானே என்று தீயை வைத்தார். இரண்டு விரலும் காதோரச் சதையும் தகரத்தோடு பறந்தன.

கை ஆறியது. கோபம் ஆறவில்லை. சாப்பாடு ஆறியிருந்தால் தட்டு பறக்கும். தாழ்ப்பாள் சிக்கினால் கதவே உடையும். டி.வி.யைச் சுத்தியலால் நொறுக்கினார். மனைவி பதிலுக்குக் கரண்டியை வீசுவாள். எட்டாவது படிக்கும் மகள் மட்டும் சுவரோடு சுவராக நிற்பாள்.

"என் பொண்ணு தங்கம். வாயே திறக்க மாட்டா" என்று யார்டில் பீற்றிக்கொள்வார்.

பள்ளிக்கூடத்தில் ஆலோசனை சொல்லும் டீச்சர் ஆள் அனுப்பினாள். சுத்தியலோடேயே போனார்.

"என் பொண்ணுக்குப் பைத்தியம்னு எவ சொன்னது?"

"யாரும் சொல்லல. சுத்தியலைக் கீழ வைங்க, மெதுவா, தரை புதுசு. அவளுக்கு இன்னும் நோய்னு எதுவும் வரல. ஆனா தூக்கமில்ல, சோறு இறங்கல, கதவு சாத்துற சத்தத்துக்கே நடுங்குறா. வராமத் தடுக்கத்தான் வாரம் ஒரு வகுப்பு. பெத்தவங்களும் வரணும்."

"நோயே இல்லையாம், வைத்தியமாம். நல்லா இருக்கும்மா உங்க நியாயம்."

மேஜையில் ஒரு குத்து விட்டுத் திரும்பிவிட்டார்.

அன்று சாயங்காலம் அலமாரிக் கண்ணாடி உடைந்தது. எதற்கென்று அவருக்கே நினைவில்லை. மகள் குனிந்து சில்லுகளை வெறுங்கையால் பொறுக்கினாள். உள்ளங்கை கிழிந்து ரத்தம் ஒழுகியது. முகம் சுளிக்கவில்லை.

"ஏய், விடு" என்று தோளைப் பிடித்துக் குலுக்கினார். ஒரு சத்தமும் வரவில்லை.

ஆட்டியும் சத்தம் வராதது என்ன செய்யும் என்று அந்தக் கைக்குத் தெரியும். சுத்தியல் நழுவி அவர் காலிலேயே விழுந்தது.

அடுத்த வகுப்புக்கு முதல் ஆளாக நொண்டிக்கொண்டு போனார். பிள்ளைகள் பெஞ்சில் உட்கார்ந்ததும் முட்டி தாடையை இடித்தது.

"டேங்க்ல தண்ணி ரொப்புற வேலைன்னு சொல்லியிருந்தா அன்னிக்கே வந்திருப்பேன்ல?"

"எந்த டேங்க்குங்க?" என்றாள் டீச்சர்.

மனதில் வரும் நினைப்பை அப்படியே நம்பாதே, நிஜமா என்று கேள். இது பிள்ளைகளுக்குச் சொன்ன பாடம். கை ஓங்குமுன் வெளியே போ என்பது பெரியவர்களுக்கு. கட்டர் கோபம் வந்தால் யார்டுக்கு ஓடி, கார் மூடிகளை அடித்துச் சப்பையாக்கிவிட்டுத் திரும்புவார். சில நாள் அது முடியவில்லை.

முடியாத ஒருநாள் மறுபடி தட்டைத் தூக்கினார். எவர்சில்வர் சொம்பு பறந்து வந்து புருவத்தைப் பிளந்தது. வீசியது மனைவி இல்லை.

"உன் கோவத்துக்கு நான் காரணம் இல்லப்பா. இத்தன நாளு நான்தான்னு நெனச்சுட்டு இருந்தேன். நான் இல்ல." மகள் தொண்டை கிழியக் கத்தினாள். பிறகு ஓவென்று அழுதாள்.

ரத்தம் கண்ணில் இறங்க இறங்கக் கட்டர் சிரித்தார். "அடியே, உன் மக வாயைத் திறந்துட்டாடி."

"மண்டை ஒடஞ்சதுக்குப் பல்லைக் காட்டுற ஆளை இப்பத்தான் பாக்குறேன்" என்று மனைவி துணியை வைத்து அமுக்கினாள். அதற்கப்புறம் அந்த வீட்டில் தட்டு பறக்கவில்லை.

அந்த மகள் பெற்றதுதான் தொட்டிலில் கிடப்பது. கதை முடியும் முன்பே அது முகம் சிவக்க, வீடே அதிரக் கத்தியது. தூக்குவதற்கு ஆளுக்கு ஒரு பக்கம் கை நீண்டது. கட்டர் புருவத்துத் தழும்பைத் தடவிக்கொண்டே தடுத்தார்.

"கொஞ்சம் கத்தட்டும், உக்காருங்க சம்பந்தி. சத்தம் போடுற புள்ளைகிட்ட எனக்கென்ன பயம்?"