கயிற்றில் ஓர் இடம்

கடற்கரையில் எத்திராஜ் அண்ணன் நிற்கிற விதத்தைச் சின்ன வயதிலிருந்தே பார்த்திருக்கிறேன். கைகளை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், வலது கையால் இடது மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வார். பெரிய வலையின் கயிறு கரைக்கு வந்து, ஆட்கள் வரிசையாக நின்று இழுக்கத் தொடங்கியதும் அந்தப் பிடி இறுகும். வலை மணலில் ஏறும்வரை விடமாட்டார். மறுநாள் பார்த்தால் மணிக்கட்டில் விரல் பதிந்த இடமெல்லாம் நீலமாகியிருக்கும்.

அவருக்கு ஹீமோஃபிலியா. ரத்தம் சீக்கிரம் உறையாது. வெளியே காயமே இல்லாமல் மூட்டுக்குள் கசிந்து முழங்கால் வீங்கிவிடும். திருவொற்றியூரில் எங்கள் குப்பத்தில் அந்தப் பெயர் யார் வாயிலும் நுழையவில்லை. ‘ரத்தம் நிக்காத புள்ள’ என்பார்கள். நாற்பதைத் தாண்டியும் அவர் புள்ளதான். அவருடைய அம்மா புஷ்பவல்லி அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதைவிட, பலம் போடாதே என்கிற அர்த்தத்தில் ‘முக்காத’ என்று சொன்னதுதான் அதிகம். குடத்தைத் தொட்டால் முக்காத, கட்டிலை நகர்த்தினால் முக்காத. அவருடைய செல்போன் ரீசார்ஜ் கடைக்கு ஷட்டர் தூக்கிவிடுவதுகூடப் பக்கத்துக் கடைக்காரர்தான்.

கயிற்றில் கை வைத்தவர்களுக்கு மீனில் பங்கு உண்டு. வலைக்காரர் அய்யாத்துரை, கை வைக்காத எத்திராஜுக்கும் ஒரு குழம்புக்கு ஆகிற அளவு எடுத்து வைப்பார். “உன் கை பாக்கி கீதுடா. ஒரு நாளிக்கு வந்து இஸ்துட்டுப் போ” என்பார். மற்றவர்கள் சிரிப்பார்கள். எத்திராஜ் அண்ணன் சிரித்து நான் பார்த்ததில்லை.

பிசியோதெரபி படித்து முடித்து ராயபுரத்தில் ஒரு மருத்துவமனையில் சேர்ந்தேன். அங்கேயே அவரும் சிகிச்சைக்கு வந்தார். இப்போது ரத்தத்தை உறையவைக்கும் ஃபேக்டர் ஊசி ஒழுங்காகக் கிடைப்பதால் கசிவு குறைந்துவிட்டது. இத்தனை வருடம் அசைக்காமல் வைத்திருந்த தசைகளைத் தேற்ற வேண்டும். அதற்கு முதலில் பலத்தை அளக்க வேண்டும். உள்ளங்கை அளவு கருவி ஒன்றை நான் பிடித்துக்கொள்ள, அவர் முழு பலத்தோடு அதை எதிர்த்துத் தள்ளுவார். கருவி எண்ணைக் காட்டும். கை எவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறது என்று அளக்க, அமுக்கிப் பார்க்கிற இன்னொன்று உண்டு.

முதல் நாளே கேட்டார்: “கயிறு புடிக்க எத்தினி காட்டணும் வினிதா?”

நான் படித்த புத்தகங்களில் அதற்கு எண் இல்லை.

அவருக்கு வந்ததெல்லாம் மிகக் குறைந்த எண்கள். தசை மெலிந்துவிட்டது என்று எழுதிவைத்தேன். ஒருநாள் அவர் அம்மா மருந்து வாங்க வரிசையில் நின்றிருந்தபோது எண் திடீரென்று ஏறியது. கருவியில்தான் கோளாறு என்று நினைத்து மறுபடி அளந்தேன். இன்னும் ஏறியது. புஷ்பவல்லி திரும்பிவந்து கதவருகே நின்றதும் இறங்கிவிட்டது.

“அது மூஞ்சிய பாத்தா கை தானா லூசாவுது” என்றார் எத்திராஜ் அண்ணன். அவருக்கே அது அப்போதுதான் தெரிந்திருக்க வேண்டும்.

அதன்பின் புஷ்பவல்லியை வெளியே உட்காரச் சொன்னேன். வருத்தப்படாமல் போனார். ஆனால் வெளியிலிருந்து அவர் இருமினாலே எண் சரியும்.

பயிற்சியில் மாதங்கள் போயின. காலையில் ஊசி போட்டுக்கொண்டு, கயிற்றின் கடைசியில் கொஞ்ச நேரம் பிடிக்கலாம் என்று டாக்டர் சம்மதித்தார். கைப்பிடிக் கருவியை இரவல் கேட்டு வாங்கிக் கரைக்கு எடுத்துப்போனேன். இழுக்கிற ஆட்கள் ஒருவரையொருவர் கிண்டலடித்துக்கொண்டு அமுக்கினார்கள். அய்யாத்துரை முகம் சிவக்க அமுக்கிவிட்டு எண்ணைப் பார்த்தார். மெஷின் பேஜாரு என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். கடைசியாக எத்திராஜ் அண்ணன் அமுக்கினார். அய்யாத்துரையைவிட அதிகம்.

எல்லோரும் கத்தித் தீர்த்த பிறகு அவர் மெதுவாகச் சொன்னார்: “அப்போ ஞாயித்துக்கெயம வரேன் மாமு.”

ஞாயிற்றுக்கிழமை ஊசி போட்டுக்கொண்டு வந்தார். புஷ்பவல்லி வரவில்லை, யாரும் சொல்லாமலே வீட்டில் இருந்துவிட்டார். கடலரிப்பைத் தடுக்கக் கல் கொட்டியது போக மிச்சமிருக்கிற மணலில் ஆட்கள் கயிற்றைப் பிடித்து நின்றார்கள். கடைசியில் ஒரு ஆள் நிற்கிற இடத்தைக் காலியாக விட்டிருந்தார்கள். ஈரக் கயிறு அவர் வயிற்றுக்கு நேராக வந்தது.

கைகள் முதுகுக்குப் பின்னால் இருந்தன. வாங்கண்ணா என்றேன். தலையசைத்தார், ஆனால் கைகள் முன்னால் வரவில்லை. மணிக்கட்டைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்துப்போயின. இழுக்க இழுக்க வரிசை பின்னால் நகர்ந்தது. அந்தக் காலி இடமும் அவரைக் கடந்து நகர்ந்தது. யாரும் அவரை அவசரப்படுத்தவில்லை. வலை மணலில் ஏறியது.

அய்யாத்துரை வழக்கம்போல மீனைப் பையில் போட்டு நீட்டினார். எத்திராஜ் அண்ணன் வாங்கிக்கொண்டார். “இதையும் பாக்கில சேத்துக்க மாமு.”

இத்தனை மாதமும் நான் எதை அளந்தேன் என்று இப்போதும் யோசிக்கிறேன். எண் பொய்யில்லை. அவர் கடை ஷட்டரை இன்று அவரேதான் தூக்குகிறார். அம்மா ஊரிலில்லாத நாட்களில் தண்ணீர்க் குடத்தையும். கருவியை எப்போது நீட்டினாலும் அமுக்கிக் காட்டுகிறார், எண் குறையவே இல்லை.

வலை இறங்குகிற நாட்களில் அதே இடத்தில், அதே மாதிரி நிற்கிறார். சென்ற வாரம் புதிதாக வந்த ஒருவன் கயிற்றின் கடைசியில் போய் நின்றான். அய்யாத்துரை கயிற்றை விடாமலே திரும்பிப் பார்த்துச் சொன்னார்:

“கொஞ்சம் தள்ளி நில்லுப்பா. அது எத்திராஜு எடம்.”