பூட்டிய அலமாரியும் ஆரோக்கியம்மாள் நர்ஸும்

தங்கச்சிமடத்திலிருந்து வந்த ஒருவர் மருந்தக ஜன்னலருகே நின்று, "நம்ம நர்சம்மா காலையில போயிட்டாக" என்றார். நான் ஒரு யாத்ரீகருக்கு மிக்சர் மருந்து ஊற்றிக்கொண்டிருந்தேன். ஊற்றிக் கொடுத்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.

ஆரோக்கியம்மாள் அவர்கள் இராமேஸ்வரத்தில் எங்கள் சத்திரத்து மருந்தகத்தில் ஆறு வருடம் நர்ஸாக இருந்தவர். நான் அங்கே கம்பவுண்டர். தீர்த்தமாட வருகிற பலருக்கு வழியிலேயே வயிற்றுப்போக்கு பிடித்துவிடும். அந்த நிலையில் கோயிலுக்குள் போக மனம் வராமல், "நிக்கிறதுக்கு ஏதாச்சும் குடுங்க" என்று வந்து நிற்பார்கள். அபினிச் சாரம் கலந்த, போக்கை மட்டும் நிறுத்தும் கட்டு மருந்தைக் கொடுப்போம். கிருமியைக் கொல்லும் சல்பா மாத்திரையோ அலமாரியில் பூட்டிக் கிடக்கும். அது சத்திரத்துப் பெரிய மனிதர்களின் வீட்டுக்கு மட்டும். யாத்ரீகர் சாயங்கால ரயிலில் ஏறித் தொலைந்தால் போதும் என்பது எங்கள் மேனேஜரின் எண்ணம். மனிதரா அவர்!

நர்சம்மாவுக்கு இது அறவே பிடிக்காது. "காய்ச்சலும் ரத்தமும் இருக்கவுகளுக்குக் கட்டு மருந்த மட்டும் குடுக்காதீக சார். கிருமிய உள்ள வச்சுக் கதவச் சாத்துறதுக்குப் பேரு வைத்தியமா? மாத்திரையும் சேத்துக் குடுங்க. உப்புப் போட்டுக் கஞ்சித்தண்ணியும் குடிக்கச் சொல்லுங்க" என்பார். சாவி மேனேஜரிடம் இருக்கிறது என்று சொல்லி நான் நழுவிவிடுவேன்.

பரமக்குடி நெசவாளி ஒருவர் தாயின் அஸ்தியைக் கரைக்க மனைவியோடு வந்தார். அவருக்கு வயிற்றுப்போக்கோடு நல்ல காய்ச்சல். நர்சம்மா அன்று விடுப்பு. நான் கட்டு மருந்தைக் கொடுத்து ரயிலேற்றினேன். பத்து நாள் கழித்து அவர் மனைவி காலிப் பாட்டிலோடு தனியாக வந்தார். "நின்னுபோச்சுன்னுதான சொன்னாக, பெறகு ஏன் செத்தாக?"

நான் பாட்டிலை வாங்கிக் கழுவப் போனேன். நர்சம்மாதான் அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, "ரெண்டு மருந்து குடுத்திருக்கணும் தாயி. ஒண்ணுதான் குடுத்தோம்" என்றார். மறுநாள் அலமாரிப் பூட்டைக் கல்லால் உடைத்தார். அந்த வாரம் முழுக்க, தேவைப்பட்ட அத்தனை பேருக்கும் இரண்டு மருந்தும் கிடைத்தன.

திருட்டு என்று எழுதி அவரை வேலையை விட்டு அனுப்பினார்கள். சாட்சிக் கையெழுத்து போட்டவன் நான்.

கல்லறைத் தோட்டத்துக்கு மேனேஜர் ரோஜா மாலையோடு வந்து, "அர்ப்பணிப்புள்ள ஊழியர்" என்று பேசினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அவரைத் திட்ட எனக்கு ஏது வாய்? நர்சம்மாவின் கணவர் சூசையிடம் போய்க் கையெழுத்து விஷயத்தைச் சொன்னேன்.

"தெரியும் சார், அன்னைக்கே சொன்னா" என்றார் அவர். "கம்பவுண்டரும் வெளிய வந்துட்டா வாரவுகளுக்கு மாத்திரை யாரு எடுத்துக் குடுப்பான்னு கேட்டா. நீங்க குடுத்துக்கிட்டு இருக்கீகன்னு கடைசிவரைக்கும் நிம்மதியா இருந்தா."

புதுப் பூட்டு போட்ட நாளிலிருந்து ஒரு மாத்திரைகூட நான் எடுத்துக் கொடுத்ததில்லை. அதைச் சூசையிடம் சொல்லத் துணிவில்லை. ஒரு பிடி மணலை அள்ளிக் குழிக்குள் போட்டேன்.

நர்சம்மா, நீங்கள் நம்பியது பொய். உங்களிடமாவது சொல்லிவிடுகிறேன். போய் வாருங்கள்.