படியில் ஒரு கால்

பச்சையப்பன் அண்ணன் அடிக்கடி அணைந்துபோகும் தன் பழைய மொபெட் வண்டியைப் பேசிக்கொண்டே ஓட்டுவார். கரிக்கலாம்பாக்கத்துப் பள்ளம் ஒன்றையும் விடாமல் இறக்கி ஏற்றித்தான் தன் மனைவி அமிர்தம் அக்காவைக் கம்பெனி பஸ்ஸுக்குக் கொண்டுவந்து விடுவார். "உன் வண்டில வரதுக்கு நடந்தே வரலாம்யா" என்று திட்டிக்கொண்டே அக்கா இறங்குவாள். மறுநாளும் அதே வண்டிதான்.

திருபுவனையில் எங்களுக்கெல்லாம் ஒரே கம்பெனி. அக்கா கடைசியாகத்தான் பஸ் ஏறுவாள். ஒரு கால் படியில், ஒரு கால் தரையில்.

"எல்லாரும் ஏறியாச்சாக்கா?" என்பான் டிரைவர் சேவியர்.

"இருடா, சுகன்யா வரா. மகாராணி இப்பதான் தலை வாரிக்கினு வரா."

சுகன்யா ஏறிய பிறகே, "ஏறியாச்சி, போ" என்று தரைக்காலை எடுப்பாள். அந்தக் கால் இல்லையென்றால் எங்களில் பாதிப் பேருக்கு வேலை போயிருக்கும்.

காய்ச்சல் என்று படுத்த அக்கா எழுந்திருக்கவே இல்லை. காரியம் முடிந்த மறுநாள் காலை, அண்ணன் வண்டியோடு அதே இடத்தில் நின்றார். பஸ் வந்தது, போனது. அப்படியே இரண்டு வருஷம். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? பைத்தியம் என்றார்கள். நானும் வாய் சும்மா இல்லாமல் கேட்டேன்.

"இன்னாத்துக்குணா தெனம் இங்க வந்து நிக்கிற?"

"வூட்டுல எங்க நிக்கிறதுன்னு தெரியலம்மா."

அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை.

சேவியர் மட்டும் பழக்கத்தில் படியைப் பார்த்துக் கேட்டுவிடுவான், "எல்லாரும் ஏறியாச்சா?" அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

போன மாதம் ஒருநாள் நல்ல மழை. பஸ் நகர்ந்துவிட்டது. தூரத்தில் சுகன்யா செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவருகிறாள். அண்ணன் வண்டியைக் கொண்டுபோய் பஸ்ஸுக்குக் குறுக்கே நிறுத்திவிட்டார். அது வழக்கம்போல அணைந்தும் போனது. சேவியர் ஹாரன் அடித்தான்.

"இருடா, சுகன்யா வரா."

அக்கா சொல்வது போலவே இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

சுகன்யா ஏறினாள். அண்ணன் வண்டியை ஓரமாகத் தள்ளினார். சேவியர் அவரைப் பார்த்துக் கேட்டான், "எல்லாரும் ஏறியாச்சாணா?"

அண்ணன் நனைந்து கிடந்த பின்சீட்டைப் பார்த்தார். ஆமாம் என்றால், இனி வர யாரும் இல்லை என்று அவரே சொன்னதாகிவிடும். நாங்கள் காத்திருந்தோம்.

"ஏறியாச்சி, போ."

மறுநாள் பஸ் வந்ததும் வண்டியைத் தள்ளி நிறுத்திவிட்டு வந்தார். ஒரு காலைத் தூக்கிப் படியில் வைத்துக்கொண்டார். சுகன்யா இன்னும் வரவில்லை.